தளர்ந்த வாக்கும் தமிழ்ச் செவியும்

காஞ்சிபுரத்திற்கு அணித்தாக உள்ள ஏனாத்தூரில், காஞ்சி காமகோடி பீடத்தின் முயற்சியால் எழுந்து 1993-ஆம் ஆண்டில் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக அங்கீகாரம் பெற்ற ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மஹாவித்யாலயமும், அதே ஊரில் மீனாட்சி மருத்துவக் கல்லூரியும் அமைந்துள்ளன. ஸம்ஸ்கிருத இலக்கணம் பயிலும் மாணாக்கன், எழுத்துக்கள் எந்த ஸ்தானத்தில் எவ்விதப் பிரயத்தனத்தால் பிறக்கின்றன என்று உரைக்கும் சிக்ஷா சாஸ்திரத்தை எப்படியும் தொட்டே ஆகவேண்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் வாயிலிலோ அந்த ஸ்தானமும் பிரயத்தனமும் நிலைகுலைந்து போனவர்கள், பக்கவாதத்தாலும் கம்பவாதத்தாலும் பிறவியிலேயே நேர்ந்த மூளைவாதத்தாலும் நாவின் வசம் இழந்தவர்கள், நாள்தோறும் வந்து நிற்கிறார்கள். வாக்கு பிறக்கும் விதத்தை நம் முன்னோர் நுணுகி ஆராய்ந்த அளவுக்கு, அது பிறக்க இயலாமல் தடுமாறும் விதத்தை நாம் ஆராய்ந்திருக்கிறோமா என்ற கேள்வி எழுவது இயல்பே. இக்கட்டுரை அக்கேள்வியைப் பற்றியது.

பாணினியின் பெயரால் வழங்கும் சிக்ஷை நூல், ஆன்மா புத்தியுடன் கூடிப் பொருளை நிச்சயித்து, பேசும் விருப்பத்தால் மனத்தை ஏவுகிறது என்றும், மனம் உடலிலுள்ள அக்கினியைத் தாக்க, அக்கினி வாயுவைச் செலுத்துகிறது என்றும் முறைப்படுத்துகிறது. தொல்காப்பியர் பிறப்பியலில், உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றோடு இயைந்து எழுத்தாகிறது என்று எட்டு உறுப்புக்களைக் கணக்கிடுகிறார். ஆன்மாவையும் அக்கினியையும் இன்றைய நரம்பியலார் ஏற்கமாட்டார்கள் எனினும், எண்ணம் முந்த, ஏவல் தொடர, காற்றும் அவயவங்களும் அதற்கு அடங்கி நடக்க வேண்டும் என்ற அந்த வரிசையை அவர்களும் மாற்றியதில்லை. வியாதி இவ்வரிசையின் எந்தக் கண்ணியைத் தாக்கியது என்று கண்டறிவதே பேச்சியக்கக் கோளாறுகளைப் பற்றிய ஆராய்ச்சியின் முதற் காரியம். இடையே ஒன்று: சிக்ஷை நூல் ஓதுவோரில் இழிந்தவர்களைப் பட்டியலிடுகையில் விரைந்து ஓதுபவனையும் மெலிந்த குரலினனையும் அதில் சேர்த்திருக்கிறது, இவ்விரண்டு குறைகளும் கம்பவாத நோயாளியிடம் ஒருங்கே காணப்படுவனவாதலின், அவர் அந்நூலாரின் வகுப்பில் இருந்திருந்தால் செய்யாத குற்றத்திற்கு ஏச்சு வாங்கியிருப்பார்.

ஏச்சு இன்றும் ஓயவில்லை. நாக்குக் குழறினால் குடித்திருக்கிறான் என்பதும், சொல் வெளிவரத் தாமதித்தால் புத்தி மழுங்கிவிட்டது என்பதும், உரக்கப் பேச இயலாதவரை அழுத்தக்காரர் என்பதும் நம் தெருக்களில் சாதாரணமாகக் கேட்கும் தீர்ப்புக்கள். பிள்ளையார்பாளையத்தில் கோர்வைத் தறியில் அமரும் ஒரு நெசவாளரை எண்ணிப் பாருங்கள். உடலுக்கு ஒரு வண்ணமும் கரைக்கு வேறு வண்ணமும் கொண்ட பட்டுச் சேலையை நெய்ய, கரைக்குரிய நாடாவைத் தள்ள மறுபக்கத்தில் ஒரு துணையாள் வேண்டும். இருவர் கையும் இசைந்தாலன்றிக் கோர்வை சேராது. அந்நெசவாளருக்கு இலேசான பக்கவாதம் கண்டு, கை மீண்டும் பழையபடி நாடாவைப் பிடிக்கத் தொடங்கிய பிறகும் பேச்சு மட்டும் குழைந்தே நின்றுவிடுமாயின், துணையாள் இரண்டொரு நாள் திருப்பிக் கேட்பான். பிறகு கேட்பதையே விட்டுவிடுவான். மாஸ்டர் வீவரோ கூலிக் கணக்கை மகனிடம் பேசத் தொடங்குவார். கணக்கு அவர் மனத்தில் ஒரு காசு பிசகாமல் இருந்தும், கேட்பாரின்றிப் போகும். பேச்சியக்கக் கோளாறு மனிதனுக்குச் செய்யும் முதன்மையான தீங்கு இதுவே: புத்தி இருக்க, புத்தியில்லாதவனாக அவனை ஆக்கிவிடுகிறது.

பேசுவது எளிய செயலாகத் தோன்றுவது, நாம் அதை எண்ணாமலே செய்வதால்தான். நெஞ்சும் மிடறும் முகமும் வாயும் சேர்ந்த சுமார் நூறு தசைகள், விநாடிக்குப் பத்துக்கு மேற்பட்ட ஒலிகள் பிறக்கும்படி ஒன்றையொன்று முந்தாமலும் பிந்தாமலும் அசைகின்றன. நாகஸ்வர வித்துவானின் மூச்சும், சீவாளியைக் கவ்விய உதடும், துளைகளின் மேல் ஓடும் விரலும் ஒன்றில் ஒன்று பிசகினால் ராகம் கலைவது போல, மூச்சு, குரல்வளை, மெல்லண்ணம், நா, இதழ் ஆகிய ஐந்தில் எது தளர்ந்தாலும் பேச்சு அதற்கேற்ற விதத்தில் கலைகிறது. கலைந்த விதத்தைக் கேட்டே, தளர்ந்தது எது, அதை ஆளும் நரம்பு எது, அந்நரம்பு புறப்படும் மூளைப்பகுதி எது என்று பின்னோக்கிச் செல்லலாம் என்பதுதான் இத்துறையின் ஆதாரமான நம்பிக்கை.

இங்கே மூன்றைப் பிரித்தறிவது அவசியம். சொல்லே தோன்றாமலும், பிறர் சொல் விளங்காமலும் போவது மொழியிழப்பு. மருத்துவர் அதனை அஃபேஸியா என்பர். சொல் மனத்தில் தெளிவாக நின்றும், அதனை நாவுக்கு ஏவும் திட்டம் சிதறுவது பேச்சு அப்ராக்ஸியா. திட்டமும் சரியாக இருந்து, நிறைவேற்ற வேண்டிய தசைகள் பலமிழந்தோ இறுகியோ இசைவிழந்தோ போவது டிஸார்த்ரியா. பின்னிரண்டே பேச்சியக்கக் கோளாறுகள் எனப்படும். 1861-இல் பாரிஸ் நகரத்துப் பால் புரோக்கா, ‘டான்’ என்ற ஓரசையையன்றி வேறொன்றும் சொல்ல இயலாத லெபோர்ன் என்ற நோயாளி இறந்தபின் அவருடைய மூளையின் இடப்பக்க முன்பகுதியில் சிதைவைக் கண்டு அறிவித்தது வைத்திய சரித்திரத்தில் புகழ்பெற்ற செய்தி. ஆனால் லெபோர்ன் இழந்தது மொழியையா, ஏவலையா என்பது அன்று தொடங்கிய விவாதம். ஒரு நூற்றாண்டுக்குப் பின் அமெரிக்க அறிஞர் பிரெடெரிக் டார்லி, ஏவல் சிதறுதலைத் தனியொரு கோளாறாகப் பிரித்து, பேச்சு அப்ராக்ஸியா என்று பெயரிட்டார். அதன் இருப்பிடம் எது என்பதிலும் இணக்கமில்லை. 1996-இல் நீனா டிரான்கர்ஸ், இக்கோளாறுடைய 25 பேருக்கும் இடப்பக்க இன்சுலா என்ற உள்மடிப்பின் ஒரு சிறு பகுதி பழுதுபட்டிருந்ததையும், கோளாறில்லாத 19 பேருக்கு அப்பகுதி தப்பியிருந்ததையும் காட்டி, இடம் தெரிந்துவிட்டது என்ற நம்பிக்கையை உண்டாக்கினார். 2004-இல் ஆர்கை ஹில்லிஸும் குழுவினரும் பக்கவாதம் கண்ட உடனேயே நோயாளிகளைச் சோதித்து, இன்சுலா அன்று, புரோக்காவின் பழைய இடமே என்று மறுத்தனர். நாட்பட்ட நோயாளியிடம் எஞ்சி நிற்கும் சேதத்தின் படமும், புதிய நோயாளியிடம் காணும் சேதத்தின் படமும் வேறாவது வியப்பன்று. என் மதிப்பில், இரண்டாம் முறையே நம்பத்தக்கது.

டிஸார்த்ரியாவைப் பொறுத்தவரை ஆராய்ச்சியின் திருப்புமுனை 1969-ஆம் ஆண்டு. மினசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர் நகரின் மேயோ மருத்துவ நிலையத்தில் டார்லி, ஆர்னால்டு ஆரான்சன் என்ற பேச்சியல் அறிஞர் இருவரும் ஜோ பிரவுன் என்ற நரம்பியல் மருத்துவரும் சேர்ந்து, நோய் இன்னதென்று ஐயமின்றி நிச்சயிக்கப்பட்ட 212 நோயாளிகளின் பேச்சைப் பதிவு செய்து, ஒருவர் தீர்ப்பு மற்றவரைப் பாதிக்காதவாறு தனித்தனியே கேட்டனர். குரலின் சுருதி, உரப்பு, மூக்கொலி, மூச்சின் அளவு, மெய்யெழுத்தின் திருத்தம், இடைநிறுத்தம் முதலிய 38 தன்மைகளை ஒவ்வொன்றாக ஏழு படிகள் கொண்ட அளவுகோலில் மதிப்பிட்டனர். இவ்வளவு பொறுமையான செவிவேலை அதற்குமுன் இத்துறையில் நடந்ததில்லை. அதன் பயன் பெரிது. எல்லாக் குழறலும் ஒன்றே என்று கருதிய காலம் முடிந்தது. தசைகளுக்குச் செல்லும் கடைசி நரம்பு பழுதானால் மூக்கொலியும் மூச்சொலியும் மிகுந்த தளர்ந்த பேச்சு. மூளையின் இருபக்க மேல்நரம்புகள் பழுதானால் நெரித்த குரலில் மந்தமாக வரும் இறுகிய பேச்சு. சிறுமூளை பழுதானால் குடிவெறியில் தள்ளாடுவது போன்ற, அசை அசையாகத் துண்டுபட்ட பேச்சு. 1817-இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த கம்பவாதத்தில் ஒரே சுருதியில் மெலிந்து, திடீர் திடீரென்று விரையும் பேச்சு. இச்சையின்றி எழும் அசைவுகளால் இடையிடையே அறுபடும் பேச்சு. இரண்டு மூன்று கலந்த பேச்சு என்று வகைகள் தெளிவுபட்டன. 1975-இல் இம்மூவரும் எழுதிய நூல், இத்துறைக்குப் பெயரையே தந்தது.

இந்த வகைப்பாடு செவியை நம்பியது. செவியோ பழக்கத்திற்கு அடிமை. நோயாளியின் வரலாற்றைக் கூறாமல் ஒலிப்பதிவை மட்டும் கொடுத்து வகை சொல்லுமாறு கேட்ட பிற்காலச் சோதனைகளில் தேர்ந்த செவிகளும் பலமுறை தவறின. ஆகவே கருவிகள் வந்தன: ஒலியின் நிறமாலையைக் காட்டுவன, மூக்குவழிக் காற்றை அளப்பன, நாவின் மேல் ஒட்டிய நுண்ணுணரிகளால் அதன் பாதையை வரைவன. கருவி சோர்வதில்லை, பட்சபாதம் கொள்வதில்லை. எனினும் எதை அளக்க வேண்டும் என்று அதற்குச் செவியே சொல்லவேண்டியிருக்கிறது.

வைத்தியசாலையில் நடக்கும் சோதனை வெளிப்பார்வைக்குச் சிறுபிள்ளை விளையாட்டுப் போலத் தோன்றும். மூச்சை இழுத்து ‘ஆ’ என்று எவ்வளவு நேரம் நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டச் சொல்கிறார் பயிற்சியாளர், கையில் நேரக்கருவி. பிறகு ‘ப-ப-ப’ என்று எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாகச் சொல்ல வேண்டும், இது இதழுக்கு. ‘த-த-த’ நாநுனிக்கு, ‘க-க-க’ நாவின் அடிக்கு. கடைசியில் மூன்றையும் கோத்து ‘பதக, பதக, பதக’ என்று சொல்லச் சொல்வார். நோயற்றவர் ‘ப-ப-ப’ போன்ற ஓரசையை விநாடிக்கு ஐந்தாறு முறை சிரமமின்றிச் சொல்வார். தளர்ந்த தசையினர் மெதுவாகச் சொல்வார். சிறுமூளை பழுதானவர் ஒருமுறை விரைந்தும் ஒருமுறை தாமதித்தும் சொல்வார். அப்ராக்ஸியா உள்ளவரோ தனித்தனியே மூன்றையும் ஓரளவு சொல்லிவிட்டு, கோத்துச் சொல்லும்போது ‘பகத’ என்றும் ‘தபக’ என்றும் இடறி, தாம் இடறியதைத் தாமே உணர்ந்து, வாயைத் திறந்து நாவை எங்கே வைப்பது என்று தேடுவார். அந்தத் தேடுதலைக் கண்ணால் கண்டவர் டிஸார்த்ரியாவையும் அப்ராக்ஸியாவையும் பின்னர் எளிதில் குழப்பமாட்டார். மயஸ்தீனியா என்ற தசைச்சோர்வு நோய் என்று ஐயம் எழுந்தால், ஒன்றிலிருந்து நூறுவரை எண்ணச் சொல்வார்கள். முதல் எண்கள் மணிமணியாக வந்து, போகப்போக மூக்கில் ஒலித்து, பிறகு குழைந்து, சிறிது ஓய்ந்தபின் மீண்டும் தெளிந்தால், ஐயம் பெரும்பாலும் உறுதிப்படும்.

இதுவரை கூறியவை எந்தத் தேசத்துக்கும் பொது. தசைக்கும் நரம்புக்கும் பாஷை இல்லை. ஆனால் கேட்பவனுக்குப் பாஷை உண்டு. தளர்ந்த பேச்சு எவ்வளவு விளங்குகிறது என்பது, அந்த மொழி எந்த வேற்றுமைகளைக் கொண்டு பொருளைப் பிரிக்கிறது என்பதைப் பொறுத்தது. 1989-இல் ரேமண்ட் கெண்டும் குழுவினரும் வகுத்த விளக்கச் சோதனை, நோயாளியின் வாயில் எந்த ஒலி வேற்றுமை கெட்டதால் சொல் மாறிக் கேட்கிறது என்று பார்ப்பது, உயர்ந்த கருத்து. ஆயினும் அதன் சொற்பட்டியல் ஆங்கிலத்துக்குரியது. வல்லெழுத்தை உரத்த மிடற்றொலியோடு கூறுவதும் அதில்லாமல் கூறுவதும் ஆங்கிலத்தில் வேறு வேறு சொற்களாகும்; தமிழிலோ அவ்வேறுபாடு எழுத்து நிற்கும் இடத்தால் தானே அமைவது, இரவல் சொற்களிலன்றிப் பொருளை மாற்றாதது. குரல்வளை சற்றே காலந்தவறி இயங்கும் நோயாளி ஆங்கிலத்தில் பல சொற்களை இழப்பார்; தமிழில் அவர் இழப்பது சொற்பம்.

அதற்கு ஈடாகத் தமிழன் காலத்தால் பேசுகிறான். கண்ணிமைப் பொழுதும் கைந்நொடிப் பொழுதும் மாத்திரையின் அளவு என்று நம் இலக்கணத்தார் நேரத்தையே எழுத்தின் உடலாக வைத்தார்கள். கல் கால் ஆவதும், எடு ஏடு ஆவதும் உயிரின் நீட்சியால். படு பட்டு ஆவதும், பலி பல்லி ஆவதும், கனி கன்னி ஆவதும் மெய்யின் நீட்சியால். கம்பவாதத்தால் பேச்சு விரையும்போது நெடில் குறுகுகிறது. சிறுமூளை பழுதால் காலவுணர்ச்சி தள்ளாடும்போது குறில் நீள்கிறது. இறுகிய பேச்சில் எல்லாமே ஒரு விகிதமாக மந்தமானால், கேட்பவன் அந்த மந்தகதிக்குத் தன் செவியைச் சரிசெய்துகொண்டு குறிலையும் நெடிலையும் பிரித்துக்கொள்வான். விகிதம் தவறும்போதுதான் பொருள் தவறும். ஆகவே தமிழ் நோயாளியிடம் அளக்க வேண்டியது வேகத்தை மட்டும் அன்று, குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள விகிதத்தை. மேயோ பட்டியலில் சிறுமூளைப் பேச்சின் அடையாளமாகக் கூறப்பட்ட தன்மைகளுள் ஒன்று, எல்லா அசைகளுக்கும் ஒரே அளவான மிகை அழுத்தம் கொடுப்பது. அசையழுத்தத்தால் இயங்கும் ஆங்கிலத்தில் அது பளிச்சென்று காதில் விழும். அழுத்தம் மெல்லியதான தமிழில் அது அவ்வளவாகத் துலங்காது, மாத்திரைக் கலக்கமே துலங்கும். இந்த வேற்றுமையை அறியாமல் ஆங்கிலப் பட்டியலைத் தமிழில் பெயர்த்து வைத்துக்கொண்டு மதிப்பிடுவது, வேறு ஊர்த் தராசில் பொன் நிறுப்பதாகும்.

நாவின் வேலையும் தமிழில் கடினமானது. வாலை, வாளை, வாழை என்ற மூன்றையும் பிரிக்க நாநுனி பல்லின் அண்மையிலிருந்து அண்ணத்தின் உச்சிவரை வளைந்து செல்ல வேண்டும். மனத்துக்கும் மணத்துக்கும் அதே தொல்லை. நாவின் கீழ்நரம்பு சிறிது தளர்ந்தாலும் முதலில் தப்பிப்போவது இந்த வளைநா ஒலிகளே என்று எதிர்பார்க்கலாம். எனினும் ஓர் எச்சரிக்கை. நோயே இல்லாத தமிழரில் எத்தனையோ பேர் ழகரத்தை ளகரமாகவே சொல்கிறார்கள். காஞ்சி நெசவாளரிலேயே தெலுங்கையும் சௌராஷ்டிரத்தையும் வீட்டுமொழியாகக் கொண்டோர் உண்டு. ஆதலால் நோயாளி நோய்க்குமுன் எப்படிப் பேசினார் என்று வீட்டாரைக் கேளாமல், பள்ளிக்கூடத் தமிழை அளவாக வைத்துக்கொண்டு குறை கூறுவது தகாது.

தமிழில் இத்திசையில் நடந்த வேலைகளுள் முதலில் குறிப்பிட வேண்டியது, மருத்துவரிடமிருந்து அன்று, பொறியியலாரிடமிருந்து வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டத்திற்கு ஆராய்ந்து, பின்னர் காலவாக்கம் எஸ்.எஸ்.என். பொறியியற் கல்லூரியில் பேராசிரியரான ப. விஜயலட்சுமி, மூக்கொலி மிகுந்த பேச்சைக் கருவியால் கண்டுபிடிக்கும் முறையை 2007-இல் எம். ராமசுப்பா ரெட்டி, டக்ளஸ் ஓ’ஷானசி ஆகியோருடன் சேர்ந்து வெளியிட்டார். மெல்லண்ணம் மூக்குவழியைச் சரியாக அடைக்காவிடில், உயிரொலியின் முதல் ஒலியுச்சத்துக்கு அருகே, சுமார் 250 ஹெர்ட்ஸ் அளவில், புதியதோர் உச்சம் தோன்றுகிறது. இரண்டும் மிக நெருங்கி நிற்பதால் சாதாரண நிறமாலையில் ஒன்றாகவே கலந்து தோன்றும். அலைகளின் தாமதத்தைக் கணக்கிடும் வேறொரு முறையால் அவற்றைப் பிரித்துக் காட்டியதே அவ்வாராய்ச்சியின் நுட்பம். டிஸார்த்ரியாப் பேச்சை ஆராய அவர் முதலில் கையாண்டது, அமெரிக்காவில் டெலவேர் மாநிலத்தில் தொகுக்கப்பட்டு 1996-இல் வெளிவந்த நெமூர்ஸ் தொகுதி. அதில் பேசியவர் 11 ஆடவர், பேசியது ஆங்கிலம். தமிழுக்கு அத்தகைய தொகுதியே இல்லாத குறையை அவரும், அதே கல்லூரியைச் சேர்ந்த தா. நாகராஜனும், அவர்களுடைய மாணவி மரிய செலினும் தீர்க்க முற்பட்டார்கள்.

முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், மத்திய அரசு 2005-இல் நிறுவிய பல்வகை ஊனமுற்றோர் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனத்தின் உதவியுடன், மூளைவாதத்தால் பேச்சுத் தளர்ந்த 20 பேரையும் தளர்ச்சியற்ற 10 பேரையும், 103 தனிச்சொற்களும் 262 வாக்கியங்களுமாக 365 கூற்றுக்களைப் பேசச் செய்து பதிவு செய்தார்கள். 2016-இல் அது அறிஞருலகுக்கு அறிவிக்கப்பட்டது. காலவாக்கமும் முட்டுக்காடும் இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருப்பினும், அம்மாவட்டம் 2019 நவம்பரில் பிரிக்கப்படும்வரை காஞ்சிபுரம் மாவட்டத்தவையே. அவ்வாறு நோக்கின் தமிழ்த் தளர்பேச்சின் முதல் தொகுப்புக்களுள் ஒன்று காஞ்சி மாவட்டத்தின் விளைச்சல் என்று இவ்வூரார் உரிமை பாராட்டலாம்.

மூளைவாதம் உடைய ஒருவரிடம் 365 கூற்றுக்களைப் பெறுவது என்ன உழைப்பு என்பதை அறிந்தவர்களே அறிவர். தசை சோர்ந்தால் ஒலி மாறும். மாறினால் அன்றைய பதிவு பயனற்றது. எனவே நிறுத்தி, நீர் கொடுத்து, ஓய்ந்தபின் தொடங்க வேண்டும். வாக்கியம் நீளும்போது மூச்சு முடிந்துவிடும். இவ்வளவு அரிதாகக் கிடைக்கும் பதிவு, ஆயிரக்கணக்கான மணி நேரப் பேச்சை உண்டு வளரும் இன்றைய பேச்சறி இயந்திரங்களுக்கு ஒரு கவளம். இக்குறையை ஈடுசெய்யச் செலினும் உடனுழைத்தோரும் இரண்டு வழிகளைக் கண்டார்கள். ஒவ்வொரு நோயாளியும் எந்த ஒலியை எந்த ஒலியாகத் திரித்துச் சொல்கிறார் என்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது, அந்தத் திரிபுகளின் அட்டவணையை அவரவருக்கெனத் தனியே கணித்து, இயந்திரம் கேட்ட சொல்லை அதனால் திருத்தி, திருத்திய சொல்லைத் தெளிவான செயற்கைக் குரலில் ஒலிக்கச் செய்வது ஒன்று, 2019-இல் வெளிவந்தது. இருக்கும் பதிவை, பல ஒலிவாங்கிகள் பல தூரங்களில் நின்று கேட்டதுபோல் கணக்கால் பெருக்கிக்கொள்வது மற்றொன்று. முதலாவதே எனக்கு மிகவும் உவப்பானது. நோயாளி தவறாகப் பேசுகிறார் என்று கொள்ளாமல், அவர் தமக்கென்று ஓர் உச்சாரணம் வைத்திருக்கிறார், அதைக் கற்றுக்கொள்வோம் என்று இயந்திரம் பணிகிறது. தாய் செய்வதும் அதுதான்.

குறையும் சொல்லவேண்டும். தொகுதியில் உள்ளவர்கள் மூளைவாதம் உடையோர். பிறவியிலிருந்தே தளர்ந்த நாவோடு மொழியைக் கற்றவர்கள். அறுபது ஆண்டுகள் நன்றாகப் பேசிப் பின்னர் பக்கவாதத்தாலோ கம்பவாதத்தாலோ தளர்ந்தவரின் பேச்சு வேறு விதமானது. பெங்களூரில் இந்திய அறிவியற் கழகத்தின் பிரசாந்த குமார் கோஷ், நிம்ஹான்ஸ் மருத்துவர்களுடன் சேர்ந்து, கம்பவாதத்தினரிடத்தும், இயக்கநரம்புகள் படிப்படியாக அழியும் ஏ.எல்.எஸ். நோயினரிடத்தும் பேச்சைப் பதிந்து ஆராய்ந்துவருகிறார். தமிழகத்தில் அதற்கு நிகரான முதியோர் தொகுதி வேண்டும். குறில் நெடில் விகிதத்தை நோய்வாரியாகச் சொல்ல இயலாதவரை, மேலே நான் கூறிய மாத்திரை வாதமும் பாதி அனுமானமாகவே நிற்கும்.

சிகிச்சையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல இயலும். கம்பவாதத்தில் கைநடுக்கத்தைக் குறைக்கும் மருந்து பேச்சை அதே அளவுக்குத் திருத்துவதில்லை. அந்நோயாளிக்குத் தம் குரல் மெலிந்தது தெரியாது. வீட்டாருக்குத்தான் செவி மந்தம் என்று வாதிடுவார். 1987-இல் லொரெய்ன் ராமிக் முதலானோர் அமெரிக்காவில் தொடங்கிய லீ சில்வர்மன் முறை, வாரம் நான்கு நாள் வீதம் நான்கு வாரம் ‘உரக்கப் பேசு’ என்ற ஒரே கட்டளையை அப்யாசமாக்கி, எது போதிய உரப்பு என்ற உள்ளளவையே மாற்றப் பார்க்கிறது. இத்துறையில் சான்று வலுவாக உள்ள முறைகளுள் அது ஒன்று. மற்றவற்றில் மூச்சைப் பகுத்துப் பேசுதலும், விரலால் தட்டிக்கொண்டு அசையசையாகப் பேசுதலும் பயன்படுகின்றன. வாய்ப்பேச்சே கைகூடாதவர்களுக்குச் சென்னையில் அஜித் நாராயணனும் அவருடைய இன்வென்ஷன் லேப்ஸ் நிறுவனத்தாரும், 1985-இல் தோன்றிய வித்யாசாகர் என்ற மறுவாழ்வு நிலையத்தோடு கலந்து செய்த ‘ஆவாஸ்’ கருவி, படத்தையோ சொல்லையோ தொட்டால் குரலாக்கித் தருகிறது. கருவி வந்தால் குழந்தை வாய்திறக்கச் சோம்பும் என்று பெற்றோர் அஞ்சுவது ஆதாரமற்றது. கருத்தை வெளியிடும் வழி ஒன்று கிடைத்த குழந்தைக்குப் பேச முயலும் ஊக்கமும் கூடவே வருகிறது.

இந்தத் தேசத்தில் பேச்சியல் பயிற்சிக்கு மைசூரில் 1965-இல் அகில இந்தியப் பேச்சு கேட்பு நிறுவனம் தோன்றிற்று. சட்டம் மிகவும் பிந்தியே வந்தது. 1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டம் கூறிய ஏழு வகைகளில் பேச்சுக் குறைக்குத் தனியிடம் இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் வகைகளை இருபத்தொன்றாக்கியபோதுதான் பேச்சு மொழிக் குறையும், கம்பவாதமும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டன. நரம்புக் காரணத்தால் நிலையாகக் குழறும் பேச்சுக்கு மருத்துவச் சான்று பெற இன்று உரிமை உண்டு. உண்டு என்று அறிந்தவர் சிலரே. 2013-இல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டம் மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையங்களை வைத்ததால், குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சியாளர் ஓரளவு எட்டுகிறார். உலக வங்கிக் கடனுதவியுடன் தமிழக அரசு நடத்தும் ‘உரிமைகள்’ திட்டத்தின் ‘விழுதுகள்’ மையங்களிலும் அப்பயிற்சி சேர்க்கப்பட்டிருக்கிறது. முதியவருக்குத்தான் குறை. பக்கவாதத்தில் பிழைத்தவரின் காலுக்கும் கைக்கும் உடற்பயிற்சியாளரை அனுப்புகிறோம்; ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் அவரை வீட்டுக்கே அனுப்புகிறது. நாவுக்கும் ஒருவரை அனுப்புவதில் தவறென்ன? பக்கவாதத்தினரை வீட்டுக்கு அனுப்புமுன் பேச்சுப் பயிற்சியாளர் ஒருமுறையேனும் பார்த்தே தீரவேண்டும் என்ற விதி மாவட்ட மருத்துவமனைகள் அனைத்திலும் வேண்டும். அவர் கையில் தமிழ்ச் சொற்களால், தமிழ் மாத்திரையால் அமைந்த சோதனைத்தாள் வேண்டும். அதனை ஆக்கித்தருவது பல்கலைக்கழகங்களின் கடமை.

வாசகருக்கு ஒன்று. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவரின் நாக்குத் திடீரென்று குழறினாலோ, வாய் ஒருபக்கம் கோணினாலோ, தூங்கி எழுந்தால் சரியாகும் என்று காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள். மூளையின் இரத்தக்குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்து, அறிகுறி தோன்றிய நான்கரை மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன் தரும்.